நாடா, தார், பாஸ்புக்: தறிவீட்டுப் பொருட்களைப் படமெடுப்பது பற்றி

காஞ்சிபுரம் பட்டுப்புடவை அளவுக்குப் படம் பிடிக்கப்பட்ட பொருள் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஜவுளிக்கடைக் காலண்டர், ஆடித் தள்ளுபடிக்கு வரும் முழுப்பக்க விளம்பரம், கல்யாண ஆல்பம், இப்போது விலையோடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்கள் என்று எங்கு பார்த்தாலும் அதே புடவை, அதே மடிப்பு, முந்தானையை விரித்துப்போட்ட அதே கோணம். அந்தப் புடவை தறியை விட்டு இறங்குவதற்கு முன்னால் அதைச் சுற்றியிருந்த பொருட்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். தறியில் குனிந்திருக்கும் முதியவரின் முகம் கிடைக்கும், முகத்தின் சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் கிடைக்கும். அவர் கையிலுள்ள நாடா, குறுக்கிழையை ஓட்டும் அந்த மரக்கருவி, மட்டும் படத்தின் ஓரத்தில் மங்கிக் கிடக்கும்.

இந்தக் கட்டுரைக்கு அந்த மங்கிய பொருட்கள்தாம் விஷயம். ஆளே இல்லாமல் அன்றாடப் பொருட்களை மட்டும் வைத்துப் படமெடுக்கும் கலை ஒன்று உண்டு. ஸ்டில் லைஃப் என்றே நம் ஒளிப்படக்காரர்களும் அதைச் சொல்கிறார்கள். அந்தக் கலைக்கு ஒரு நெசவாளர் வீடு என்ன தரும், அங்கே அது எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

வீடு என்று நான் மனத்தில் வைத்திருப்பது ஐயம்பேட்டைப் பக்கத்து வீடு. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டிய ஊர். (தஞ்சாவூர் மாவட்டத்தில் இன்னொரு அய்யம்பேட்டை இருக்கிறது. அங்கும் பட்டுத்தறி உண்டு என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.) காஞ்சிக்கு வருகிறவர்கள் கைலாசநாதரையும் வரதராஜரையும் தரிசித்துவிட்டு, காந்தி ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தக் கடைகளுக்குப் புடவை நெய்து தருவது நகரத்துத் தெருக்கள் மட்டுமல்ல, இப்படிச் சுற்றிலும் உள்ள ஊர்களும்தான்.

குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால்கள் குழிக்குள் இருக்கும். கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்கும்படி அந்த இடம் அமைந்திருக்கும். குறுக்கே ஓடும் ஊடைப்பட்டு சுற்றிய தார்கள் ஒரு கிண்ணத்தில் கிடக்கும். அறுந்த இழையை முடிய, பக்கத்திலேயே ஒரு நூல்கொத்து தொங்கும். நெய்த துணி சுற்றிக்கொள்ளும் படமரத்தில், நெசவாளரின் வயிறும் முழங்கையும் உரசும் இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கும். மற்ற இடத்தில் மரம் வெறும் மரமாகவே இருக்கும். நாடாவும் அப்படித்தான். விரல் பிடிக்கிற பக்கம் வழவழவென்று கறுத்திருக்கும். உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக் கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு கரையின் நாடாவை எறிந்துகொடுக்க உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாகவே இருந்தது. மூன்று நாடாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் ஒரே மாதிரி இருக்காது. எது பெரிய கைக்குப் பழகியது, எது சின்னக் கைக்குப் பழகியது என்று யோசிக்க அந்த மூன்று மரத்துண்டுகளே போதும். அதற்கு முகம் தேவையில்லை.

ஒளிப்படக் கலை பிறந்த நாளிலிருந்தே பொருட்களை நோக்கிப் போனதற்கு முதல் காரணம் வெறும் வசதிதான். அன்று ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். மனிதன் அசைவான், கிண்ணம் அசையாது. இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலில் 24 படங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அலமாரித் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் பாத்திரங்கள். இவை திருடுபோனால் இந்தப் படத்தையே சாட்சியாக நீதிமன்றத்தில் காட்டலாமே என்ற யோசனையையும் டால்பட் அதனுடன் எழுதிவைத்தார். இன்னொரு படத்தில் திறந்த கதவு, அதன்மேல் சாய்த்துவைத்த விளக்குமாறு, அவ்வளவுதான். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றில் ஓவியனின் கண் நின்றுவிடும் என்பதற்கு அவர் டச்சு ஓவியர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அதே நூலில் ஒரு லேஸ் துணியின் படமும் இருக்கிறது. கேமராவே இல்லாமல், துணியை நேராக ஒளியுணர் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி எடுத்தது.

பீங்கான் வரிசையும் சாய்ந்த விளக்குமாறும் ஒரே ஆள் ஒரே நூலில் போட்டவை என்றாலும் இரண்டு வேறு வழிகளைக் காட்டுகின்றன. முதலாவது பட்டியல் போடுகிற வழி. பொருளை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுத்து, எண்ணுவதற்கு ஏற்றபடி நிறுத்துவது. இரண்டாவதில் பொருள் எங்கே கிடந்ததோ அங்கேயே கிடக்கிறது, பெருக்கியவர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

நம் ஊரில் முதல் வழிதான் அரசாங்கச் செலவில் முதலில் வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைத் தனித்தனியாகப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்து அனுப்பிய கற்கள் அவை. ஸ்தூபியைச் சுற்றி ஒரு தொடராக நின்றிருந்தவை, டிரைப்பின் படங்களில் ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. துணிக்கும் இதே கதிதான், ஒளிப்படம்கூட அங்கே தேவைப்படவில்லை. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியாவின் துணிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்தபோது, 700 மாதிரிகளை நிஜத் துணியாகவே வெட்டி ஒட்டினார். அப்படி 20 செட். 13 பிரிட்டனிலேயே தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதை மான்செஸ்டர் ஆலைக்காரர் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். துணியின் நீளம், அகலம், எடை, விலை, கிடைத்த இடம் எல்லாம் குறித்திருந்தார்கள். நெய்த கை எது என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

இன்றைய புடவை விளம்பரப் படம் இந்தப் பட்டியலின் பேரப்பிள்ளை என்பது என் எண்ணம். திறமை இல்லாத வேலை என்று சொல்லவரவில்லை. பட்டையும் ஜரிகையையும் படமெடுப்பது பொருட்படத் தொழிலிலேயே கடினமான காரியங்களில் ஒன்று. ஜரிகை உலோகம். உலோகத்துக்குச் சொந்த நிறம் பாதிதான், மீதி அது பார்த்துக்கொண்டிருக்கும் அறையின் நிறம். சின்ன விளக்கை நேராக அடித்தால் ஜரிகை வெள்ளைக் கோடாக எரிந்துபோகும், பக்கத்துப் பட்டு இருண்டுவிடும். அகலமான, மெத்தென்ற வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வர வேண்டும். ஸ்டூடியோவில் அதற்கு சாஃப்ட்பாக்ஸ் இருக்கிறது. தறிவீட்டில் வாசலுக்குக் குறுக்கே ஒரு வெளுத்த வேட்டியைக் கட்டினால் ஏறத்தாழ அதே வேலை நடக்கும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. தறிக்கு மேலே தொங்கும் டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பாதி நீலமும் ஒரு பாதி பச்சையுமாகப் படம் கெடும்.

அதன் பிறகும் இரண்டு தொல்லைகள் மிச்சம். டிஜிட்டல் கேமராவின் சென்சாரும் ஒரு கட்டம்போட்ட வலைதான், நெய்த துணியும் ஒரு வலைதான். இரண்டு வலைகளும் ஒத்துவராத தூரத்தில் நின்று எடுத்தால் துணியில் இல்லாத அலைகள் படத்தில் ஓடும். அரையடி முன்னால் நகர்ந்தோ, கேமராவைக் கொஞ்சம் சாய்த்தோ அதைத் தவிர்த்துவிடலாம். இன்னொரு தொல்லைக்குத் தீர்வே கிடையாது. நீளவாட்டில் ஓடும் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம் போட்டு நெய்த மயில்கழுத்துப் புடவை, பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி நீலமாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டே இருக்கும். உடுத்தியவர் நடந்தால்தான் அது மயில்கழுத்து. அசையாத படம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்த அந்த நீலம், எம்.எஸ். ப்ளூ என்ற பெயரோடு இன்றும் கடைகளில் விற்கிறது. எம்.எஸ்ஸின் புகழ்பெற்ற படங்கள் பலவும் கறுப்பு வெள்ளை. அந்த நிறத்தை ஊர் முழுக்கக் கொண்டுசேர்த்தவை படங்கள் இல்லை, சபாவில் நேரில் பார்த்தவர்களின் பேச்சு.

ஆக, முடிந்த புடவை என்பது கேமராவுக்கு அவ்வளவு தோதான பொருள் அல்ல. நாடாவும் தாரும் படமரமும் தோதானவை. அவற்றின் மேல் நடந்தது ஏற்கெனவே நடந்து முடிந்து, மரத்தில் பதிந்தும்விட்டது.

இப்படிக் கைக்கெட்டிய பொருட்களையே எடுப்பதற்கு ஒரு முன்னோடி பிராகாவில் இருந்தார். ஜோசஃப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். போருக்கு முன் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலாளி. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளியே கேமராவோடு திரிவது ஆபத்தாகிவிட, 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோவின் ஒரே ஜன்னலை மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். வியர்த்த கண்ணாடி, விளிம்பில் ஒரு டம்ளர், ஒரு முட்டை, ஒரு ரொட்டித்துண்டு. புதிய பொருளைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. அதே ஜன்னலில் பருவத்துக்குப் பருவம் வெளிச்சம் மாறியது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், 2020 பொதுமுடக்கத்தில் சொந்த ஊர் வீட்டுக்குத் திரும்பி, வீட்டுக்குள்ளேயே எடுத்த படத்தொடருக்கு 'ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்' என்று பெயர். அதில் குடும்பத்து மனிதர்கள் இருக்கிறார்கள், எனவே சுத்தமான பொருட்படம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சுவர்களும் சாமான்களும் ஒரு தலித் குடும்பத்தின் வரலாற்றில் எங்கே நிற்கின்றன என்று தெரிந்த ஒருவர் எடுத்தவை. வெளியிலிருந்து வருகிற ஒளிப்படக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்குப் படமரத்தின் மினுமினுப்பு தெரியும், அது எத்தனை தலைமுறைத் தேய்மானம் என்பது கேட்டால்தான் தெரியும்.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய வாதம் இருக்கிறது. ஜெர்மனியில் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ஷ் 1928இல் 'உலகம் அழகானது' என்ற பெயரில் ஒரு படத்தொகுப்பு போட்டார். ஆலைப் புகைபோக்கி, இஸ்திரிப்பெட்டி வரிசை, கள்ளிச்செடி எல்லாம் துல்லியமான, கண்ணைப் பறிக்கும் படங்கள். வறுமையைக்கூட நேர்த்தியான முறையில் படமெடுத்து ரசிக்கத்தக்க சரக்காக்கிவிடுகிறது இந்தப் பாணி என்று 1934இல் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் தாக்கினார். அதற்கு முன்பே நாடகாசிரியர் பிரெக்ட் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொல்லியிருந்தார். குருப் இரும்பாலையின் ஒரு படம் அந்த ஆலையைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை, அங்கே மனிதர்களுக்கிடையே இருக்கும் உறவு புகைப்படத்தில் விழாது என்பது அதன் சாரம்.

தறிவீட்டுக்கு இந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் ஒரு வெளிச்சக் கற்றை, அதில் மிதக்கும் பஞ்சுத்தூசி, கறுத்த நாடா. யார் எடுத்தாலும் நன்றாக வரும் படம். சட்டகம் போட்டு ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த அறையில் ஜன்னல் ஏன் அவ்வளவு சிறியது, காற்று வறண்டால் பட்டிழை அறுந்துபோகும் என்பதால் வெயில் நாளிலும் ஏன் அந்த அறைக்குள்ளேயே புழுங்க வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் அந்தக் கற்றை சொல்லாது.

பிரெக்ட் சொன்னதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் ஒற்றைப் பொருள் சொல்லாததை, பக்கத்தில் வைத்த இரண்டாவது பொருள் சொல்லிவிட முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. சென்னை விளம்பர ஒளிப்படக்காரர் ஷரத் ஹக்சர் 2005இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை வைத்தார். சிவப்புச் சுவரில் கோக்கோ கோலாவின் சின்னம். சுவருக்கு முன்னால் தண்ணீர் வராத அடிபம்பு, அதன் அருகே வரிசையில் காத்திருக்கும் காலிக் குடங்கள். ஆள் யாரும் இல்லை. குடம், பம்பு, சுவரெழுத்து மூன்றும் சென்னைவாசி தினமும் தாண்டிப் போகிறவை. மூன்றையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தியதும் அது ஒரு வாக்கியமாகிவிட்டது. கம்பெனி தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒரு பொருட்படத்துக்கு அதைவிடப் பெரிய விமர்சனப் பாராட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை.

ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் வழி வேறு. அவர் எதிரெதிரே நிறுத்துவதில்லை, ஒன்றையே அடுக்கிக்கொண்டு போகிறார். 2013இல் வெளிவந்த 'ஃபைல் ரூம்' முழுக்க இந்திய ஆவணக் காப்பகங்களின் காகிதக் கட்டுகள்தாம். 2016இல் செய்த 'டைம் மெஷர்ஸ்' தொடரில் சிவப்புப் பருத்தித் துணியில் முடிந்த ஆவண மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலிருந்து எடுத்தார். உள்ளே என்ன காகிதம் என்று தெரியாது. தெரிவதெல்லாம் முடிச்சும், சாயம் வெளுத்த விதமும். எல்லா மூட்டையும் ஒரே சிவப்பில் தொடங்கியவை, ஒன்றுகூட இன்னொன்றைப் போல வெளுக்கவில்லை. 2022இல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. சாயத்தோடும் துணியோடும் வாழும் ஒரு ஊருக்கு அந்தத் தொடரிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு தெருவின் படமரங்களை மட்டும், ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வரிசையாக மாட்டினால், மினுங்கும் இடம் ஒவ்வொன்றிலும் எங்கே விழுகிறது என்று பார்ப்பவரே ஒப்பிடத் தொடங்கிவிடுவார்.

என்னைக் கேட்டால், ஐயம்பேட்டையில் எடுக்க வேண்டிய முதல் பொருள் நாடாகூட அல்ல, பாஸ்புக். காஞ்சி நெசவாளரில் பெரும்பாலோர் தம் சொந்தப் பட்டில் நெய்வதில்லை. கூட்டுறவுச் சங்கமோ தனியார் முதலாளியோ பாவு, ஊடைப்பட்டு, ஜரிகை மூன்றையும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். நெய்து கொண்டுபோகும் புடவையும் தராசில் ஏறும். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு பார்த்துத்தான் கூலி. தறி வீட்டுக்காரருடையது, தறியில் ஏறியிருக்கும் பட்டு அவருடையது இல்லை. பிரெக்ட் படத்தில் விழாது என்று சொன்ன அந்த உறவு, இங்கே ஒரு சின்ன நோட்டில் கிராம் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. திறந்த பக்கத்தின்மேல் மிச்ச ஊடை சுற்றிய ஒரு தாரும், தீர்ந்துபோன ஜரிகைக் கண்டு ஒன்றும். அதை வாசல் வெளிச்சத்தில், எண்களைப் படிக்க முடிகிறபடி எடுக்க வேண்டும். உறுப்பினர் பெயரும் எண்ணும் இருக்கிற மூலையில் தாரை வைத்து மறைத்துவிடலாம். யாருடைய கணக்கு என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் எடுக்கிற நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கூலி புடவைக்கு இவ்வளவு என்பதால், தறி நின்ற ஒரு மணி நேரம் நெசவாளரின் பையிலிருந்து போகிறது. தறிக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோகும் நேரம்தான் ஒளிப்படக்காரருக்கு. அந்த நேரத்தில் நாடா, அவர் எப்படி விட்டுப்போனாரோ அப்படியே கிடக்கும், பாதி நெய்த ஒரு வரியோடு. அதை எடுத்து அழகான கறுப்புத்துணியின்மேல் வைக்கத் தோன்றும். வைக்காமல் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் தெருவில் பாவு ஓட முடியாது, புதுப் பாவு தறியேறாமல் வேலை தள்ளிப்போகும். அப்போது கேமராவுக்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைக்கும். வீட்டில் அதை நல்ல நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நெருங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் புடவையிலேயே இரண்டு உண்டு, விளம்பரக்காரர்கள் அவற்றை மடிப்புக்குள் ஒளித்துவிடுகிறார்கள். ஒன்று உடலும் கரையும் சேரும் கோர்வை. தனித்தனி நாடாவின் இழைகள் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடிக்கும் இடம் அது. மற்றது முந்தானை தொடங்கும் பேட்னி. உடலின் பாவு இழை ஒவ்வொன்றோடும் முந்தானைப் பாவின் இழையை முறுக்கிச் சேர்த்ததால், அங்கே மட்டும் குறுக்கே மெல்லிய ஒரு வரி, கொஞ்சம் நெளிந்து ஓடும். வாடிக்கையாளர் சிலர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. மேக்ரோ லென்ஸில் அதுவே புடவையின் மிக அடர்த்தியான கைவேலை. ஜரிகையின் ஒரு நுனியை உரசிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிய வேண்டும், அசல் ஜரிகைக்கு அதுதான் வீட்டுச் சோதனை. அந்த உரசிய நுனியை, உரசிய நகத்தோடு, யாரும் இதுவரை பெரிதாக்கி மாட்டியதாகத் தெரியவில்லை.

கடைசியாக, அவசரமான ஒன்று. ஜக்கார்டு இயந்திரம் வருவதற்கு முன் காஞ்சித் தறியில் டிசைன் 'அடை' என்னும் நூல்கட்டில் இருந்தது. எந்த வரிக்கு எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்பதை நூலிலேயே கட்டிவைத்து, உதவியாள் இழுத்துக்கொடுக்க நெய்வார்கள். பிறகு ஜக்கார்டு வந்தது, டிசைன் துளையிட்ட அட்டைகளுக்கு மாறியது. தைத்துக் கோத்த அட்டைச் சங்கிலிகள் தறிக்கு மேலே தொங்கின. இப்போது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு போட்ட தறிகளுக்கு டிசைன் பென் டிரைவில் வருகிறது. அடையைப் பொறுமையாக எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்துவைத்தால், கட்டைத் தொடர்ந்துபோய் டிசைனை மீட்க ஒரு கெட்டிக்கார நெசவாளரால் முடியும். அட்டையைப் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டி எடுத்தால் துளைகளைப் பார்த்து வரைபடத் தாளில் திரும்பப் போட்டுவிடலாம். அந்த இரண்டு படங்களும் ஒரே சமயத்தில் பொருட்படமும் ஆவணமும் ஆகும். பென் டிரைவின் படத்தில் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் மட்டும்தான் தெரியும். ஐயம்பேட்டைக்கோ முத்தியால்பேட்டைக்கோ கேமராவோடு போகிறவர்கள், பரணில் இன்னும் அட்டைக்கட்டு வைத்திருக்கும் வீடு எது என்று முதலில் விசாரிக்கட்டும்.